நாற்பத்தோராம் பக்கம்

நீங்கள் கொடுத்த காகிதத்தை முழுதாகப் படித்துவிட்டேன். நான்கு பக்கம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எல்லோரும் படிப்பார்களா என்று தட்டச்சு செய்த அந்த அம்மாவிடம் கேட்டேன். சிரித்தார். "யாரு சார் படிக்கிறாங்க, எங்க போடணும்னு கேட்டு, போட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க" என்றார். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. அந்த மாதிரி ஆட்களுக்கு ஓசியில் உழைத்தே என் தலை நரைத்தது.

காகிதத்தில் ஒரு சொல் எனக்குச் சம்மதமில்லை. 'பிழை' என்ற சொல். "அவருடைய வடிவமைப்பில் இருந்த பிழையால்" என்று ஒரு இடம், "அந்தப் பிழை பற்றிய கேள்வியை அவர் கவனிக்கத் தவறியதால்" என்று இன்னொரு இடம். 'அவர்' என்று எழுதியிருப்பது என்னைத்தான். அதை மாற்றித் தந்தால் பேனாவை எடுத்துவிடுவேன். ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பீர்கள். உட்காருங்கள், இன்ஸ்பெக்டர், முதலிலிருந்து சொல்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

என் வேலை என்ன என்று முதல் நாள் சொன்னபோது தலையை ஆட்டினீர்கள். புரிந்து ஆட்டிய தலை இல்லை அது. அதனால் மறுபடி சொல்கிறேன். சில சிப்புகள் வாங்கும்போது வெறுமையாக இருக்கும். உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று நாம்தான் எழுதி நிரப்ப வேண்டும். எழுதினால் அதற்குள் சின்னச் சின்ன இயந்திரங்கள் உண்டாகும். கோர் என்போம். ஒன்று சூட்டை அளக்கும், ஒன்று ஹீட்டரைப் போட்டு அணைக்கும், ஒன்று திரையில் எண்ணைக் காட்டும். தனித்தனியாக எல்லாம் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஒன்றோடு ஒன்று பேசினால்தான் காரியம் நடக்கும். அந்தப் பேச்சு போகிற பாதையைத்தான் நான் செய்தேன். யார் முதலில் கேட்பது, யார் காத்திருப்பது, பதில் எந்த வழியாகத் திரும்பி வருவது, எல்லாம் என் பாதை முடிவு செய்யும். தொழிலில் அதற்குப் பஸ் என்று பெயர்.

செய்து முடிக்கப் பதினோரு வருடம் ஆயிற்று. பகலில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் வேலை, மற்ற நேரமெல்லாம் இதுதான். முடித்ததும் மூல நிரலையும் கையேட்டையும் இணையத்தில் திறந்து வைத்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், வரி வரியாகப் பிரித்துப் பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம். திறந்து வைத்தால் படிப்பார்கள் என்று நினைத்தேன். நானும் ஒரு காலத்தில் அசடாக இருந்திருக்கிறேன்.

படிக்கவில்லை. எடுத்தார்கள், அவ்வளவுதான். எனக்கு வந்த கடிதங்களை நீங்கள் பார்க்க வேண்டும். "சார், வேலை செய்யலை, அவசரம்" என்று ஒருவன். எது வேலை செய்யவில்லை, எதில், எப்போது, ஒன்றும் கிடையாது. "நாளைக்குள்ள பதில் போடுங்க" என்று இன்னொருவன், ஏதோ நான் அவன் வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆள் போல. ஒரு கல்லூரி ஆசிரியர் இருந்தார். கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைத் தன்னுடைய யோசனை என்று வகுப்பில் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். ஊட்டிவிட்டால் மட்டும் போதாது இவர்களுக்கு, மென்றும் கொடுக்க வேண்டும்.

இப்போது சொல்வதை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், இதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு கோர் இன்னொன்றிடம் சூடு எவ்வளவு என்று கேட்கிறது. அளக்கிற கோர் பதிலே சொல்லவில்லை. வயர் கழன்றிருக்கலாம், வேறு எதுவோ. அப்போது பாதை என்ன செய்ய வேண்டும்? என் பாதையில் அதற்கென்று ஒரு காவல் வைத்திருக்கிறேன். கொஞ்ச நேரம் பார்க்கும், பதில் வரவில்லை என்றால் "பதில் இல்லை, கோளாறு" என்று கேட்டவரிடம் பட்டென்று சொல்லிவிடும். காவலை மூடியும் வைக்கலாம். மூடி வைத்தால், கடைசியாக வந்த பழைய பதிலையே எடுத்து, இப்போதுதான் வந்தது போல 'சரி' என்ற முத்திரையோடு நீட்டிவிடும்.

ஆரம்பத்தில் திறந்துதான் வைத்திருந்தேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்காக ஒரு மாதிரிக் கோப்பு கொடுத்திருந்தேன், அப்படியே எடுத்துப் போட்டு ஓட்டிப் பார்க்க. அவர்கள் பாதி வயரை மாட்டாமலே ஓட்டினார்கள். காவல் கோளாறு என்று சொன்னது, சிப்பு மாட்டிய பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே எனக்குக் கடிதம், உங்க பஸ் ஓடலை என்று. ஒரே மாதத்தில் நூற்றுச் சொச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெறுத்துப்போய் மாதிரிக் கோப்பில் காவலை மூடினேன். கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். மாதிரிக் கோப்பில் காவல் மூடியிருக்கிறது, நிஜமான கருவியில் திறந்தே ஆக வேண்டும் என்று. மறுநாளிலிருந்து கடிதம் நின்றது. அதே அரைகுறை வயர், அதே பலகை. ஆனால் சிவப்பு விளக்கு எரியவில்லை, திரையில் ஏதோ ஒரு எண் வந்தது, எல்லோருக்கும் பரம சந்தோஷம். என் பாதை பொய் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் "சூப்பர் சார்" என்று எனக்குப் பாராட்டே வந்தது.

மனிதர்களைப் பற்றி எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் அன்றைக்குத் தீர்ந்தது. அதன் பிறகு மாதிரிக் கோப்பை நான் தொடவில்லை. படிக்கிறவன் நாற்பத்தோராம் பக்கத்தைப் பார்த்துத் திறந்துகொள்வான், படிக்காதவன் பாடு அவன் பாடு என்று விட்டுவிட்டேன்.

கையேட்டைப் பக்கம் பக்கமாகத்தான் இணையத்தில் போட்டிருக்கிறேன். எந்தப் பக்கம் எத்தனை தடவை திறக்கப்பட்டது என்று எண்ணுகிற ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. மாதிரிக் கோப்பை எடுத்தவர்கள் பதினெட்டாயிரத்துக்கு மேல். நாற்பத்தோராம் பக்கம் ஆறு வருடத்தில் பத்தொன்பது தடவை. அதில் பதினொன்று நான். தினமும் காலையில் காபியோடு அந்த எண்ணைப் பார்ப்பேன். மற்றவர்கள் செய்தித்தாள் பார்ப்பார்கள், எனக்கு இது. பத்தொன்பது, பத்தொன்பது, மறுபடி பத்தொன்பது. அதில் ஒரு திருப்தி இருந்தது, மறைக்கப்போவதில்லை.

மெக்கானிக் என் வீட்டுக்கு வந்தது போன வருடம், மழை ஓய்ந்த சமயம். வாஷிங் மெஷின், ஆஸ்பத்திரி மெஷின் எதுவானாலும் பிரித்து மேய்கிறவர். சின்னதாக ஒரு பட்டறை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் என்று அவரே சொன்னார், ஏதோ பட்டம் வாங்கினது போல. கையில் ஹெல்மெட், சட்டைப் பையில் ஒரு டெஸ்டர். "உங்களைப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை சார்" என்று வாசலில் நின்று பல்லைக் காட்டினார். எனக்கு அந்தப் பேச்சு ஆகாது. என் மனைவிக்கு ஆகும். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாள்.

அவருடைய அக்கா மகப்பேறு ஆஸ்பத்திரியில் நர்ஸ். குறைமாதக் குழந்தைகளை வைக்கிற சூட்டுப் பெட்டி அங்கே ஐந்து இருக்கிறதாம், அதில் மூன்று செத்துக் கிடந்ததாம். ஒரே பெட்டியில் இரண்டு குழந்தைகளைப் படுக்க வைக்கிறோம் என்று அக்கா ஒருநாள் வந்து அழுதிருக்கிறாள். தம்பி கிளம்பிவிட்டார். பெட்டியின் கூடு இருக்கிறது, ஹீட்டர் இருக்கிறது, மூளை மட்டும்தான் போய்விட்டது. அந்த மூளையை ஒரு சிப்பில் எழுதிவிட்டார், நடுவில் என் பாதையைப் போட்டு.

"நல்லா ஓடுது சார். நீங்க மட்டும் இதை இப்படித் திறந்து போடலைன்னா, என்னை மாதிரி ஆளுக்கெல்லாம் இது நடக்கிற காரியமா?"

"கையேடு படிச்சீங்களா?" என்றேன். எல்லோரிடமும் கேட்பதுதான்.

"படிச்சுக்கிட்டிருக்கேன் சார். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அதுக்கு மேல போனா மண்டை காயுது. இன்னைக்குக் காலையில பன்னெண்டு முடிச்சேன்."

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு நாளைக்கு ஒரு பக்கமே பெரிய விஷயம் தம்பி. நான் முப்பது வருஷமா இவர் பேசறது புரியாமயே குடும்பம் நடத்திட்டேன்" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேசிக்கொண்டே அவர் எங்கள் வீட்டு மிக்ஸியைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் எதையோ முடுக்கிச் சரி செய்தார். பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று நான் மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டிருந்த மிக்ஸி. அவர் போன பிறகு அவள் அதை நாலு தடவை ஓட்டிப் பார்த்தாள், உள்ளே ஒன்றும் போடாமலே.

பன்னிரண்டிலிருந்து நாற்பத்தொன்றுக்கு இருபத்தொன்பது நாள். மனதுக்குள் கணக்குப் போட்டேன், அவ்வளவுதான். இப்படிச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். பதினைந்தைத் தாண்டாது இந்த வேகம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அதன் முதல் தாளை நானே அச்செடுத்து உங்களிடம் கொடுத்தேன். பெட்டி தயார், வருகிற திங்கட்கிழமை வார்டில் வைக்கப்போகிறார்கள், சிப்பு ஓடுகிற கடிகார வேகத்தை இரண்டு மடங்காக ஏற்றியிருக்கிறேன், அது சரியா என்று கேட்டிருந்தார். தன் கோப்பையும் இணைத்திருந்தார். திறந்து பார்த்தேன். என் மாதிரிக் கோப்பு, அச்சு அசல். காவல் மூடியிருந்தது.

"வேகம் சரி" என்று பதில் எழுதினேன். அது உண்மை. வேகம் சரியாகத்தான் இருந்தது.

காவல் மூடியிருப்பதைப் பார்த்தும் ஏன் சொல்லவில்லை என்று முதல் நாளே கேட்டீர்கள். கேட்காததை எதற்குச் சொல்ல வேண்டும் என்றேன். எழுதி வைத்திருக்கிறேன், திறந்து வைத்திருக்கிறேன், படிக்க முடியாதவன் குழந்தை படுக்கிற பெட்டியில் கை வைக்கக் கூடாது என்றேன். காகிதத்தின் முதல் பக்கத்தில் அது நன்றாகவே வந்திருக்கிறது. அந்த அம்மா நன்றாகத் தட்டச்சு செய்கிறார்.

பெட்டி ஏழு வாரம் ஒழுங்காக ஓடியது. எட்டாவது வாரம், ஒரு புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, சூட்டை அளக்கிற கோருக்குப் போகிற இணைப்பு முழுதாகக் கழன்றது. காவல் திறந்திருந்தால் அலாரம் அலறியிருக்கும். மூடியிருந்ததால் பாதை தனக்குக் கடைசியாகத் தெரிந்த எண்ணையே திரும்பத் திரும்பச் சொன்னது. முப்பத்தாறு புள்ளி மூன்று. முப்பத்தாறரை வரும் வரை சூடேற்று என்று ஹீட்டருக்கு உத்தரவு. ஐம்பது நிமிடம் அது ஏற்றிக்கொண்டே இருந்தது. பத்திரத்துக்கு இருக்கட்டும் என்று மெக்கானிக் இரண்டாவதாக ஒரு வெப்பமானியும் வைத்திருந்தார், பாவம். அதையும் படித்தது அதே கோர்தான். தனியாக ஒரு ஃபியூஸ் இருந்தது. அது பெட்டி தீப்பிடிக்காமல் இருப்பதற்கு, உள்ளே படுத்திருப்பவருக்கு அல்ல.

உள்ளே இருந்தது ஒரு பெண் குழந்தை. ஒன்பது நாள். இன்னும் பெயர் வைக்கவில்லை என்று காகிதத்தில் இருக்கிறது.

அந்த ஐம்பது நிமிடத்தில் அக்கா, அதுதான் அந்த நர்ஸ், மூன்று தடவை வந்து திரையைப் பார்த்திருக்கிறாள். மூன்று தடவையும் ஒரே எண்ணை நோட்டில் எழுதியிருக்கிறாள். நீங்கள் காட்டினீர்கள், முத்து முத்தான கையெழுத்து. உயிருள்ள உடம்பின் சூடு ஐம்பது நிமிடம் ஒரு புள்ளி கூட அசையாமல் நிற்குமா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எண் இருந்தது, எழுதினாள். அந்தப் பதினெட்டாயிரத்தோடு இவளையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மறுநாள் காலையில் மெக்கானிக் வந்தார். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். என் மனைவி எவ்வளவோ கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"எங்க சார் தப்புப் பண்ணேன்?" என்றார். "நீங்க சொல்லுங்க, என்ன சொன்னாலும் ஏத்துக்கறேன். எங்கன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் சார். அக்கா என்கிட்ட பேசவே மாட்டேங்கறா."

"நிதானமா யோசிச்சுப் பாருங்க" என்றேன்.

"யோசிச்சுட்டேன் சார். நான்தான் உங்ககிட்ட சரியாக் கேக்கலை போல. நான் கேட்ட விதம் உங்களுக்குப் புரிஞ்சிருக்காது."

அவர் போன பிறகு என் மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "நீங்க அவருக்குப் பதில் எழுதினீங்கல்ல?" என்றாள். எழுதினேன் என்றேன். "என்னன்னு?" வேகம் சரி என்று எழுதினேன் என்றேன். "அவ்வளவுதானா?" நான் கணினி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்று சாயங்காலம் பார்த்தால் மிக்ஸியை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்திருந்தாள்.

அந்த வாரமே நீங்கள் அவரைக் கூட்டிப்போய்விட்டீர்கள். அனுமதி இல்லாமல் மருத்துவக் கருவி செய்தது, கவனக்குறைவால் உயிர் போனது. ஏழு வருடம் வரை கிடைக்கும் என்று சொன்னார்கள். அவரும் என் தப்புதான் என்று தலையைக் குனிந்துகொண்டாராம். என் பதிலை உங்களிடம் காட்டவே இல்லை. "சாரை இதுல இழுக்காதீங்க, அவர் எல்லாருக்கும் சும்மா கொடுக்கறவர்" என்றாராம். இதை எனக்குப் படித்துக் காட்டியபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்ன எதிர்பார்த்தீர்கள் என்று தெரியவில்லை. நான் உங்கள் சட்டையில் ஒரு பட்டன் இல்லாததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தோடு விஷயம் முடிந்திருக்கும். நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். ஆனால் அவர் உள்ளே போவதற்கு முந்தின நாள் ஒரு வேலை செய்திருந்தார். என் பாதையைப் பயன்படுத்துகிறவர்கள் எழுதிக்கொள்கிற பொது இடம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. அங்கே போய், மாதிரிக் கோப்பில் காவலைத் திறந்து வையுங்கள், இன்னொரு பெட்டியில் இது நடக்கக் கூடாது என்று எழுதிவிட்டார். ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும் என்றும் காட்டியிருந்தார். அடேயப்பா, என்ன கூட்டம். ஆறு வருடம் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்காத அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். மூன்றே நாளில் என் பதினோரு வருட வேலையைத் தூக்கி, அந்த ஒரு சொல்லை மாற்றி, வேறு பெயர் வைத்து வெளியிட்டுவிட்டார்கள். முதல் வரியிலேயே நன்றி. ஒரு மோசமான பிழையைக் கண்டுபிடித்துச் சொன்ன மெக்கானிக்குக்கு நன்றி.

பிழையாம். கண்டுபிடித்தாராம். நானே எழுதி, நானே மூடி, நானே பக்க எண்ணும் போட்டு வைத்த ஒன்றை.

செய்தித்தாள்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மூத்த நிபுணர் ஒருவர், நாற்பத்தோராம் பக்கம் பக்கமே தலை வைத்துப் படுக்காதவர், தொலைக்காட்சியில் உட்கார்ந்து, "இலவசமாகச் செய்கிறவர்களிடம் இந்த மாதிரிச் சின்னப் பிழைகள் இருக்கத்தான் செய்யும், நாம் பெருந்தன்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும்" என்றார். எனக்குப் பெருந்தன்மை காட்டினார். அன்றைக்குத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு நானே நடந்து இங்கே வந்தேன். என் வேலையில் பிழை இல்லை என்று சொல்வதற்காக வந்தேன். மெக்கானிக்கைக் காப்பாற்ற வந்தேன் என்று நீங்களாக நினைத்துக்கொண்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள்.

நேற்று என் மனைவி வந்து மின்னஞ்சலின் இரண்டாவது தாளையும் உங்களிடம் கொடுத்துவிட்டாள். நான் கொடுக்காத தாள். அதை என் முன்னால் வைத்துவிட்டு நீங்கள் நல்ல மனதோடு ஒரு வழியும் காட்டினீர்கள். "சார், இந்த ரெண்டாவது பக்கத்தை நீங்க பாக்காம விட்டிருக்கலாம் இல்லையா? வேலை மும்முரத்துல மேல இருக்கிறதை மட்டும் படிச்சுட்டுப் பதில் போட்டிருப்பீங்க. அப்படின்னா கவனக்குறைவு. இல்லேன்னா வேற மாதிரி ஆயிடும், யோசிச்சுச் சொல்லுங்க." யோசித்துச் சொல்லுங்கள் என்றுவிட்டு, நான் யோசிப்பதற்கு முன்னாலேயே அப்படியே தட்டச்சும் செய்ய வைத்துவிட்டீர்கள்.

அந்தத் தாளை எடுங்கள். வேண்டாம், நானே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம்.

"சார், நாப்பத்தொண்ணாம் பக்கம் இன்னைக்குப் படிச்சேன். காவலைத் திறந்து பார்த்தேன். திறந்தா ஒரு மணி நேரத்துல ரெண்டு தடவை அலாரம் அடிக்குது, மூடினா சமத்தா ஓடுது. காவல் சொல்றது நிஜமா, இல்ல நான்தான் அதைத் தப்பா வச்சிருக்கேனா? நீங்க என்ன சொல்றீங்களோ அப்படியே செஞ்சிடறேன். இன்னொண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. மாதிரிக் கோப்புலயே இதைத் திறந்து வச்சிருக்கலாமே சார்? படிக்காதவன் செஞ்ச பெட்டியா இருந்தாலும் உள்ள படுக்கிற குழந்தை பத்திரமா இருக்கும். யார் படிச்சாங்க, யார் படிக்கலைன்னு குழந்தைக்கு என்ன தெரியும்."

அவன் வந்துபோன இருபத்தொன்பதாவது நாள் காலையில் காபி குடிக்கும்போது நாற்பத்தோராம் பக்கத்தின் எண் இருபது ஆகியிருந்தது. மின்னஞ்சல் அன்று மத்தியானம் வந்தது. மூன்று தடவை படித்தேன். யாராவது ஒருவன் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என்னிடம் வருவான் என்று ஆறு வருடம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வந்தவன் வாஷிங் மெஷின் ரிப்பேர்காரன். வந்த கையோடு எனக்குப் பாடம் எடுக்கிறான். அதுவும் தப்பா எடுத்துக்காதீங்க என்று தட்டிக்கொடுத்துக்கொண்டே. சுருக்கென்று தைத்தது. அவன் சொன்னது சரியாக இருந்ததுதான் தைத்தது என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் இரண்டொரு தடவை தோன்றியிருக்கிறது.

அலாரம் ஏன் அடிக்கிறது என்று படித்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஏதோ ஒரு இணைப்பு ஆடிக்கொண்டிருக்கிறது. காவல் சொன்னது நிஜம். ஒரு சொட்டு ஈயம் வைத்து ஒட்டினால் தீர்ந்தது. என்றைக்காவது ஒருநாள் அது முழுதாகக் கழலும் என்பதும் தெரிந்தது.

நான் எழுதிய பதிலில் இரண்டு வாக்கியம் இருக்கிறது. முதலாவதை மட்டும்தான் உங்களுக்கும் என் மனைவிக்கும் சொன்னேன். "வேகம் சரி. மற்றதெல்லாம் உள்ளபடியே இருக்கட்டும்." அவன் கேட்ட இன்னொரு கேள்விக்கு அந்த இரண்டாவது வாக்கியம்தான் பதில். நீங்க சொல்றபடி செஞ்சிடறேன் என்றான், செய்தான்.

குழந்தை சாக வேண்டும் என்று நினைத்தீர்களா என்று நேற்றுக் கேட்டீர்கள். இல்லை. குழந்தையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அவன் தோற்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு அக்காவும் தம்பியும் தலை குனிந்து நிற்க வேண்டும், அப்புறம் என்னிடம் வர வேண்டும் என்று நினைத்தேன். வந்தான்.

ஆகவே திருத்திக்கொள்ளுங்கள். இரண்டாம் பக்கத்தில் 'பிழையால்' என்று இருப்பதை அடித்துவிட்டு 'தெரிந்தே மூடி வைத்ததால்' என்று போடுங்கள். நான்காம் பக்கத்தில் 'கவனிக்கத் தவறியதால்' என்பது வேண்டாம். நான் எதையும் கவனிக்கத் தவறுகிறவன் இல்லை. 'முழுவதையும் படித்து, அறிந்தே அவ்வாறு பதில் எழுதினார்' என்று போடுங்கள். அதனால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியும். மேலே மட்டும் பார்த்துவிட்டுப் பதில் போடுகிற ஆள் என்று பெயர் எடுப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

அந்த அம்மா தட்டச்சை நிறுத்திவிட்டார். பரவாயில்லை, மெதுவாகச் செய்யட்டும்.

மூன்றாம் பக்கமா? மூன்றாம் பக்கத்தில் திருத்தம் ஒன்றும் சொல்லவில்லையே. ஆமாம், தெரியும், அந்தக் குழந்தையின் அம்மா சொன்னது அதில் இருக்கிறது. அது சரியாக இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு தடவை எடுத்தேன். "என் மகளுக்கு ஒன்பது நாள்" என்று ஆரம்பிக்கிறது. இரண்டு தடவையும் அந்த வரியோடு நான்காம் பக்கத்துக்குப் போய்விட்டேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.